வாரன் தளத்துத் தொண்டைவலி: இதயத்தைக் காத்த ஒரு பெனிசிலின் ஆய்வு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் செயென் நகரை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பிரான்சிஸ் இ. வாரன் விமானப்படைத் தளம் இருக்கிறது. குளிரும் காற்றும் ஓயாத இடம். 1940களின் கடைசியில் தொழில்நுட்பப் பயிற்சிக்காக நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் அணி அணியாக அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டடிகளில் வரிசையாகக் கட்டில்கள். ஒருவன் கொண்டுவந்த தொண்டைவலி கொஞ்ச நாளில் பக்கத்துக் கட்டில்களுக்கும் பரவிவிடும்.

தொண்டைவலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாலைந்து நாளில் தானே போய்விடும். ஆனால் வாரன் தளத்தில் அப்படிச் சரியானவர்களில் சிலர், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடும் வீங்கிய முழங்காலோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். முழங்கால் வீக்கம் வடியும், அடுத்து கணுக்கால் வீங்கும், அது வடிந்து முழங்கையில் ஏறும். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் முன்பு இல்லாத ஒரு புது இரைச்சல் கேட்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இந்த நோய் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் லாசேக் சொன்னதாக மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மூட்டுவலி தடமில்லாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டவர்களை இந்த நோய் படுக்கையில் தள்ளியது. ராக்கி மலைப் பகுதி முகாம்களில் தாக்கம் இன்னும் மோசம். அதனால்தான் 1949 தொடக்கத்தில் வாரன் தளத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய் ஆய்வகம் என்று ஒன்றைத் தனியாகவே நிறுவினார்கள். தலைவர் சார்ல்ஸ் ராமெல்கேம்ப், கிளீவ்லண்டின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துக்காரர். அவரோடு ஃபிளாய்ட் டென்னி, லூயிஸ் வானமேக்கர், வில்லியம் பிரிங்க் என்ற இளம் மருத்துவர்கள். இவர்கள் அங்கே செய்த வேலை, ஒரு தொற்றுநோய்க்கும் நம் எதிர்ப்பாற்றலுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை மனிதர்களிடம் நேரடியாக நிரூபித்துக் காட்டியது. இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், ருமாட்டிக் காய்ச்சல் வந்த ஒரு பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசிக்குப் பின்னால் நிற்கிற ஆதாரங்களில் முக்கியமானது அங்கிருந்து வந்ததுதான்.

அதுவரை தெரிந்ததும் தெரியாததும்

தொண்டைவலிக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் பழையது. 1931இல் நியூயார்க்கில் ஆல்வின் கோபர்ன், குறிப்பிட்ட ஒரு கிருமி தொண்டையில் வந்துபோன பிறகே இந்தக் காய்ச்சல் வருகிறது என்று காட்டினார். அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 1933இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் இந்தக் கிருமிகளை ஏ, பி, சி என்று குழுக்களாகப் பிரித்தார். மனிதத் தொண்டையில் வம்பு செய்வது பெரும்பாலும் ஏ குழு.

ஆனால் பெரிய புதிர் ஒன்று பாக்கி இருந்தது. வீங்கிய முழங்காலிலிருந்து நீரை உறிஞ்சி வளர்ப்புத் தட்டில் இட்டால் எதுவும் முளைக்காது. இதயத் தசையிலும் கிருமி கிடைக்காது. காய்ச்சல் தொடங்கும்போது தொண்டையே பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். கிருமி இருந்த இடம் ஒன்று, சேதம் நடந்த இடம் வேறு, நடுவில் இரண்டு மூன்று வாரம் அமைதி. கிருமியை நேரில் பிடிக்க முடியாத வழக்கில் அதைக் குற்றவாளி என்று எப்படி நிரூபிப்பது?

மருந்துகளின் கதையும் குழப்பமாகவே இருந்தது. 1939இல் சல்ஃபா மருந்தைத் தினமும் கொடுத்தால், ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அது திரும்ப வருவது குறைகிறது என்று தெரிந்தது. சரி, தொண்டைவலி வந்த பிறகு சல்ஃபா கொடுத்தால்? பயனில்லை. போர்க்காலத்தில் கடற்படை லட்சக்கணக்கான வீரர்களுக்கு முன்கூட்டியே சல்ஃபாடையசின் என்ற சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. முதலில் நோய் குறைந்தது, அப்புறம் அந்த மருந்துக்கு அடங்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் முகாம்களில் பரவின. இதையெல்லாம் பார்த்த பல மருத்துவர்கள், தொண்டையில் தொற்று தொடங்கிவிட்டால் இதயத்தின் கதை அப்போதே முடிவாகிவிடுகிறது, பிறகு தொண்டைக்கு மருந்து கொடுத்து என்ன பயன் என்றுதான் நினைத்தார்கள்.

ஆய்வு நடந்த விதம்

ராமெல்கேம்ப் குழுவின் வழி எளிமையானது. தொண்டையில் சீழ்த்திட்டோடு மருத்துவமனையில் சேரும் படைவீரர்களை அவர்களுடைய படை வரிசை எண்ணை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பெனிசிலின். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். எந்தப் பையனுக்கு மருந்து என்பதில் மருத்துவரின் விருப்பத்துக்கு இடமில்லை, எண் முடிவு செய்துவிடும். இன்றைய அளவுகோலில் இது முழுமையான குலுக்கல் முறை ஆகாது. அந்தக் காலத்துக்கு இது கறாரான வேலை.

ஒவ்வொருவனின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்ததை இரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் கோடாக இழுப்பார்கள். அடுத்த நாள் பார்த்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும் இடத்தில் குண்டூசித் தலை அளவில் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு நிறம் அழிந்து, கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வளையம். கிருமி சுரக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் போன்ற நச்சுகள் சிவப்பணுக்களை உடைத்துத் தின்ற தடம் அது. கூடவே இரத்தம் எடுத்து, ஸ்ட்ரெப்டோலைசின் ஓ நச்சுக்கு எதிராக உடல் எவ்வளவு எதிர்ப்பொருள் தயாரித்திருக்கிறது என்று அளந்தார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் அளப்பார்கள். நம் ஊர் ஆய்வகச் சீட்டில் இன்று ‘ஏ.எஸ்.ஓ.’ என்று வருவது இதே சோதனைதான்.

கொடுத்த பெனிசிலின், எண்ணெயில் கலந்து தசையில் போடும் புரோக்கெய்ன் பெனிசிலின். சாதாரணப் பெனிசிலின் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். எண்ணெயில் கலந்தது தசையில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் இறங்கும். இந்த ஒரு விஷயம் இல்லாவிட்டால் ஆய்வே தோற்றிருக்கும் என்பது என் எண்ணம். கிருமியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைப்பது போதாது, பல நாள் தொடர்ந்து மருந்து நின்று தொண்டையை விட்டே அதை விரட்ட வேண்டும்.

1950 மே மாதம் முதல் முடிவு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பெனிசிலின் பெற்ற 798 பேரில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது 2 பேருக்கு. பெறாத 804 பேரில் 17 பேருக்கு. அடுத்த ஆண்டு வானமேக்கர் முதல் ஆசிரியராக வெளியிட்ட விரிந்த கணக்கில், சிகிச்சை பெற்ற 978 பேரில் 2, பெறாத 996 பேரில் 28. தொண்டையில் கிருமியை ஒழித்தால் இதயம் தப்புகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவைப்படவில்லை. கிருமிதான் காரணம் என்ற வழக்கும் அதோடு முடிந்தது. காரணத்தை எடுத்ததும் விளைவு நின்றுவிட்டதே! 1954இல் இந்த ஆய்வகத்துக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

ஒன்பதாம் நாள்

என்னைப் பொறுத்தவரை வாரன் தளத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு 1954இல் வந்த இன்னொரு கட்டுரையில் இருக்கிறது. அதில் அவர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்கள். தொண்டைவலி தொடங்கி ஒன்பதாம் நாள்தான் பெனிசிலின் கொடுத்தார்கள். அதற்குள் வலி போயிருக்கும், காய்ச்சல் விட்டிருக்கும், பையன் வகுப்புக்குத் திரும்பியிருப்பான். அப்போது மருந்து கொடுத்தும் ருமாட்டிக் காய்ச்சல் பெருமளவு தடுக்கப்பட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இதயத்தின் கதை முதல் நாளே முடிவாகியிருந்தால் ஒன்பதாம் நாள் ஊசி ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆகவே முடிவு அந்த இடைப்பட்ட நாட்களில், வலியே இல்லாத நாட்களில் நடக்கிறது. வலி போனாலும் கிருமி தொண்டையின் மடிப்புகளுக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை எதிர்ப்பாற்றல் அதைப் பார்த்துப் பார்த்து மேலும் மேலும் ஆயுதம் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. கிருமி நீண்ட நாள் தங்கியவர்களுக்கும் எதிர்ப்பொருள் அளவு அதிகம் ஏறியவர்களுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வாய்ப்பு கூடுதல் என்பதையும் அதே குழு காட்டியது.

தொண்டைக்குப் பெனிசிலின் மாத்திரையை ஏன் பத்து நாள் சாப்பிடச் சொல்கிறார்கள் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் இரண்டாம் நாள் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். மீதி அட்டை அலமாரியில் கிடக்கும், அடுத்த காய்ச்சலுக்கு யாராவது எடுத்துக்கொள்வார்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டால் மூன்று மாத்திரை அசித்ரோமைசின் அட்டை ஒன்று கைக்கு வந்துவிடும். அசித்ரோமைசினுக்கு அடங்காத ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உலகின் பல பகுதிகளில் இருக்கிறது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அது மாற்று மருந்து, அவ்வளவுதான். பெனிசிலினுக்கோ, எண்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் இந்தக் கிருமி முழு எதிர்ப்பைப் பெறவில்லை. நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றாக மருந்துகளைத் தோற்கடிக்கும் காலத்தில் இது பெரிய அதிர்ஷ்டம். இவ்வளவு மலிவான, இவ்வளவு பழைய ஒரு மருந்து இன்னும் வேலை செய்கிறது.

சல்ஃபா புதிரையும் இதே குழு 1956இல் தீர்த்துவைத்தது. சல்ஃபாடையசின் கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும், தொண்டையிலிருந்து அதை ஒழிக்காது. அதனால் கிருமி தொண்டையில் குடியேறாமல் தடுக்க அது உதவும், குடியேறிய பிறகு உதவாது.

உடலுக்குள் நடப்பது

அந்த இரண்டு மூன்று வார அமைதியில் என்ன நடக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஓரளவு விளக்கியிருக்கின்றன. ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேற்பரப்பில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்துக்கு எம் புரதம் என்று பெயர். வெள்ளையணுக்கள் தன்னை விழுங்காமல் காத்துக்கொள்ளக் கிருமி வைத்திருக்கும் கவசம் அது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு. நம் இதயத் தசையின் மயோசினும் ட்ரோபோமயோசினும் இதே மாதிரி முறுக்கிய இழைகள். வால்வுச் சவ்வில் இருக்கும் லேமினினிலும் அதே சாயல் உண்டு. கிருமியின் சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறும் வால்வின் திசுவோடு ஒத்துப்போகிறது.

கிருமியை அடையாளம் வைத்துத் தயாரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் சுற்றும்போது, இந்த ஒற்றுமையால் வால்வின் மேல்சவ்விலும் போய் ஒட்டுகிறது. ஆள் மாறாட்டம் மாதிரித்தான். எதிர்ப்பொருள் ஒட்டியதும் சவ்வு வீங்கி, தன் மேல் ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகிறது. அவற்றைப் பிடித்துக்கொண்டு டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வால்வுக்குள் நுழைகின்றன. சாதாரணமாக வால்வில் இரத்தக் குழாய் ஏறக்குறைய கிடையாது. அழற்சி நடந்த வால்வில் புதிதாகக் குழாய்கள் முளைக்கின்றன, அவை வழியாக இன்னும் செல்கள் வருகின்றன. கடைசியில் தழும்பு. மெல்லிய இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

அதிகம் அடிபடுவது இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வு. நல்ல நிலையில் அது திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். தழும்பேறிச் சுருங்கி 1.5 சதுர சென்டிமீட்டருக்கு வந்தால் கடுமையான சுருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் அந்தச் சின்ன வழியில் நெருக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பின்னால் தேங்கும் இரத்தத்தால் நுரையீரலில் அழுத்தம் ஏறி, மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு சமதரையில் நடந்தாலே வாங்கும், அப்புறம் இரவில் படுக்க முடியாது. இடது மேலறை விரிந்து துடிப்பு தாறுமாறாகிவிட்டால் அங்கே இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஏ குழு தொற்று வந்த எல்லோருக்கும் இது நடப்பதில்லை. மக்களில் ஒரு சிறு பகுதியினரே மரபு வழியாக இதற்கு ஆளாகக்கூடியவர்கள். வாரன் தளத்தில் கொள்ளைநோயாகப் பரவிய காலத்தில், சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேரை ஒட்டியே காய்ச்சல் வந்தது. 1961இல் சிகாகோவில் சாதாரண நாட்களில் தொண்டைவலி வந்த பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஆனால் ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர் கதையே வேறு. அவருக்கு அடுத்த ஏ குழு தொற்று வந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு பாதிவரை போகலாம். ஒவ்வொரு திரும்புதலும் அதே வால்வில் இன்னொரு அடுக்குத் தழும்பைப் போடும். எதிர்ப்பாற்றலுக்கு நினைவாற்றல் உண்டு என்பதை நாம் தடுப்பூசி விஷயத்தில் வரமாகப் பார்க்கிறோம். இங்கே அதே நினைவாற்றல் இதயத்துக்கு எதிராகத் திரும்புகிறது.

கட்டிலும் கம்பளியும்

வாரன் குழு செய்த சின்ன வேலை ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கிருமி எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, தொண்டைவலிக்காரர்கள் பயன்படுத்திய, கிருமி நிறைந்த கம்பளிகளை மற்ற வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொட்டடித் தூசியில் உயிரோடு இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தன்னார்வலர்களின் தொண்டையிலேயே ஊதிப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. காய்ந்த கிருமி தட்டில் முளைக்கும், ஆனால் தொண்டையைப் பிடிக்கும் திறனை இழந்துவிடுகிறது. கட்டில்களின் தூரத்தை அளந்தபோதுதான் விடை கிடைத்தது. கிருமி உள்ளவன் பக்கத்தில் படுப்பவனுக்கே ஆபத்து, தூரம் கூடக்கூடத் தொற்று குறைந்தது. நேருக்கு நேர் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தெறிக்கும் ஈரத்துளிதான் வழி. நெருக்கமான வீடும், ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் படுக்கும் வறுமையும் ருமாட்டிக் இதய நோயோடு ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்பது இதிலிருந்து புரியும். பெனிசிலின் வருவதற்கு முன்பே வசதியான நாடுகளில் இந்த நோய் இறங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் கூட்டம் குறைந்ததற்கு அதில் பங்கு உண்டு.

அதற்காக வசதி இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1985 ஜனவரி தொடங்கி 18 மாதத்தில், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி வட்டாரத்தில் 74 பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்கள், மருத்துவ வசதி உள்ளவர்கள். அவர்களில் பலருக்குச் சொல்லிக்கொள்ளும்படி தொண்டைவலியே வந்த நினைவில்லை. வாரன் வழியின் எல்லை இங்கே தெரிகிறது. வலிக்காத தொண்டையை யார் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுவார்கள்?

அந்த 17 பேர்

இந்த ஆய்வைப் புகழும்போது, மருந்து கிடைக்காத வரிசை எண்ணில் விழுந்த 17 பேரை நான் மறக்க விரும்பவில்லை. விரிந்த கணக்கில் அவர்கள் 28 பேர். பெனிசிலின் பலிக்குமா என்று 1949இல் உண்மையிலேயே யாருக்கும் தெரியாது, ஆகவே முதல் ஆய்வைக் குறை சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் முதல் எண்கள் கைக்கு வந்த பிறகும், பின்னால் நடந்த சில ஆய்வுகளில் சிகிச்சை தராத குழு ஒன்று இருந்தது. தாமத ஆய்வும் சல்ஃபா ஆய்வும் நமக்குக் கற்றுத் தந்தது ஏராளம். அந்தக் கல்விக்கு விலை கொடுத்தவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படியும் வயதிலும் இடத்திலும் இருந்த பையன்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அதனால்தான் தொண்டைச் சிகிச்சை பற்றிய ஆதாரத்தில் பெரும் பகுதி இன்றுவரை அந்த 1950களின் இராணுவ முகாம்களிலிருந்தே வருகிறது. இளம் ஆண்கள், கூட்டமான கொட்டடி, கொள்ளைநோய்க் காலம். பள்ளிச் சிறுமிக்கு அதை அப்படியே பொருத்தும்போது எண்கள் மாறும், தத்துவம் மாறாது.

நம் பக்கம்

1963இல் டெல்லி எய்ம்ஸின் சுஜாய் ராய் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, இந்தியாவில் மைட்ரல் சுருக்கம் இருபது வயதுக்கு முன்பே கடுமையாகிவிடுகிறது என்று உலகுக்குச் சொன்னது. மேலை நாடுகளில் காய்ச்சலுக்கும் சுருக்கத்துக்கும் நடுவே பத்து இருபது ஆண்டு இடைவெளி இருக்கும். இங்கே பள்ளி முடிக்கும் முன்பே அறுவை அறைக்கு வந்த பிள்ளைகள் உண்டு. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழு உள்நாட்டிலேயே செயற்கை வால்வு செய்யப் பல ஆண்டு போராடியதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம். அந்த வால்வு முதன்முதலில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது 1990 டிசம்பரில். செயற்கை உலோக வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டு, அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

உலகில் இன்றும் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்கிறார்கள், ஆண்டுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். 2018இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கெனத் தனித் தீர்மானமே போட்டது.

நம்மிடையே இந்த நோய் பிடிபடும் இடங்களில் ஒன்று பிரசவ வார்டு. சிறு வயதில் ‘மூட்டுவலிக் காய்ச்சல்’ வந்து போன பெண்ணுக்கு வால்வு மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது. கர்ப்பத்தில் உடலின் இரத்த நீர் 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. சுருங்கிய வால்வால் இதைத் தாங்க முடியாது. ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். ‘மாசமா இருந்தா இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருந்தால் அது கர்ப்பத்தின் வழக்கமான களைப்பு இல்லை, அன்றே எக்கோ, அதாவது ஒலி அலையால் எடுக்கும் இதயப் படம், பார்க்க வேண்டிய விஷயம். பலூன் வைத்து வால்வை விரிக்கும் சிகிச்சை கர்ப்பத்திலும் செய்ய முடியும்.

தொண்டை விஷயத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். பெரும்பாலான தொண்டைவலி வைரஸால் வருவது, அதற்கு ஆண்டிபயாட்டிக் வேண்டாம். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் வைரஸாக இருக்கும் வாய்ப்பே அதிகம். ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருமலே இல்லாமல் திடீரென்று காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று முடிவானால் பத்து நாள் மாத்திரை, இல்லாவிட்டால் தசையில் பல நாள் தங்கி மெல்ல இறங்கும் பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசி. நேற்றே காட்டியிருக்க வேண்டுமே என்று பதற வேண்டாம். ஒன்பது நாள் அவகாசம் இருக்கிறது என்பதை வாரன் தளம் காட்டிவிட்டது. தொண்டைவலி போய் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு மாறி மாறி வீங்கினாலோ, கைகால் தன்னால் இழுத்துத் துள்ளினாலோ அது அவசரம். இந்தத் துள்ளலை வீட்டில் சேட்டை என்று அடிப்பதுண்டு, பள்ளியில் கையெழுத்து கெட்டுப்போனதற்குத் திட்டுவதுண்டு. மூளையை எதிர்ப்பொருள் தாக்குவதால் வருவது அது, தொற்று முடிந்து சில மாதம் கழித்துக்கூட வரலாம்.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, நம் நாட்டில் பொதுவாக 21 நாளுக்கு ஒருமுறை. இதயம் தொடப்படாவிட்டால் குறைந்தது ஐந்து ஆண்டு அல்லது 21 வயதுவரை, எது அதிகமோ அதுவரை. வால்வு சேதம் மிஞ்சியிருந்தால் பத்து ஆண்டு அல்லது 40 வயதுவரை, சிலருக்கு அதற்கும் மேலே. இந்த ஊசி கடினமான ஊசி. குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கும், நீர் ஊற்றிக் குலுக்கினால் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி கெட்டியாகும், மெல்லிய ஊசிமுனையில் அடைத்துக்கொள்ளும், புட்டத்துத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். இரண்டு நாளுக்கு உட்கார வலிக்கும். ஒவ்வாமைக்குப் பயந்து பல இடங்களில் போடவே மறுக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக மிக அரிது. ஊசிக்குப் பின் நடந்த மரணங்களை ஆராய்ந்த அமெரிக்க இதயச் சங்கம், அவற்றில் பல ஏற்கெனவே வால்வு கடுமையாகக் கெட்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் துடிப்பும் திடீரெனச் சரிந்ததால் நேர்ந்திருக்கலாம் என்று 2022இல் சொன்னது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையே நல்லது என்பது அதன் அறிவுரை. பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத மற்ற எல்லோருக்கும் ஊசிதான் நம்பகமானது.

எக்கோ கருவியை வைத்துத் தேடினால், தொண்டைவலி நினைவே இல்லாத பிள்ளைகளிடமும் ஆரம்பக்கட்ட வால்வு மாற்றத்தைப் பிடிக்க முடிகிறது. யூட்டா எழுப்பிய கேள்விக்கு உகாண்டாவிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே இப்படிக் கண்டுபிடித்த 818 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில், மாதாமாதம் பெனிசிலின் ஊசி பெற்றவர்களில் இரண்டு ஆண்டில் நோய் முற்றியது 3 பேருக்கு, பெறாதவர்களில் 33 பேருக்கு.

ஊசியின் வலியைக் குறைக்கவும் வழி இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தலாம். மருத்துவர் ஒப்புக்கொண்டால் மரத்துப்போகும் மருந்து சிறிது கலக்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், அதிக அளவு பென்சத்தீன் பெனிசிலினைத் தோலுக்கடியில் மெல்ல இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் செய்த அந்த முதல் கட்டச் சோதனையில், மருந்து மூன்று மாதம்வரை இரத்தத்தில் நிற்கும் வாய்ப்பு தெரிந்தது. நோயாளிகளிடமும் அது பலித்தால் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்குப் பதினேழு ஊசி என்பது நான்காகும்.